தெளிந்த நீரில் நின்றவர்

என் துப்பட்டாவில் விழுந்த பீட்ரூட் கறையை வைத்துத்தான் அக்கா என்னிடம் முதன்முதலாகப் பேசினார். நான் அந்த ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த வாரம் அது. மதியச் சாப்பாட்டின்போது பொரியல் சிந்திவிட்டது. குழாயடியில் நின்று அலசி, கறை போய்விட்ட திருப்தியோடு திரும்பினால் அவர் பின்னால் நிற்கிறார். துப்பட்டாவின் நுனியை இரண்டு விரலால் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.

"எங்க போச்சு?" என்றார்.

தண்ணீரோடு போய்விட்டது என்றேன். தண்ணீர் எங்கே போனது என்று கேட்டார். விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. குனிந்து, தொட்டிக்குக் கீழே இருந்த குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தன் அறைக்குப் போய்விட்டார்.

என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். பட்டுக்கோட்டைப் பக்கம், கத்தோலிக்கக் குடும்பம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சாயமே ஏறாத, நூலின் பழுப்பு அப்படியே தெரிகிற பருத்திச் சேலைதான் எப்போதும் உடுத்துவார். பஸ்ஸில் அவரை மடத்துச் சிஸ்டர் என்று நினைத்துக் கண்டக்டர்கள் இடம் பிடித்துக் கொடுப்பார்கள். அவரும் உட்கார்ந்துகொள்வார். இது தப்பில்லையா அக்கா என்று ஒருமுறை கேட்டேன். அவர்கள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை என்றார். ஏன் கலர்ச் சேலையே உடுத்துவதில்லை என்று கேட்டதற்கு மட்டும் ஒழுங்காகப் பதில் சொன்னார். நாள் முழுக்கச் சாயத்தோடு கிடக்கிறோம், மேலே ஏதாவது பட்டால் உடனே தெரிய வேண்டாமா என்றார்.

எங்கள் ஆய்வுக்கூடம் தஞ்சாவூரைத் தாண்டி, மூன்று பக்கமும் வயல் சூழ்ந்த இடத்தில் இருந்தது. மாடியில் டைரக்டரும் அவருடைய ஆட்களும் துணிக்கான புதுச் சாயங்களை உண்டாக்குவார்கள். செடியிலிருந்தோ பூச்சியிலிருந்தோ எடுப்பதில்லை. இதற்கு முன்னால் உலகத்தில் இல்லாத நிறங்கள், குடுவைக்குள் பிறப்பவை. அவை மனிதருக்கும் மற்ற உயிர்களுக்கும் கெடுதல் செய்யுமா என்று கீழ்த்தளத்தில் இருக்கும் நாங்கள் பார்ப்போம். என்னிடம் மீன் அறை. உடம்பில் வரி போட்ட சின்ன ஜீப்ரா மீன்களை வளர்த்து, அவற்றின் முட்டைகளைச் சாயம் கலந்த தண்ணீரில் விட்டுக் குஞ்சு எப்படி உருவாகிறது என்று கவனிப்பது என் வேலை. அந்த முட்டை கண்ணாடி மாதிரி. நுண்ணோக்கியில் வைத்தால் உள்ளே இதயம் துடிப்பது தெரியும்.

அக்காவிடம் வியர்வை அறை.

அதை நான் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். உப்பும் வேறு சில மருந்துகளும் அளவாகக் கலந்தால் மனித வியர்வை தயாராகிவிடும். எல்லா ஆய்வுக்கூடங்களிலும் அதற்கு ஒரே பக்குவம்தான். சாயமேற்றிய துணித்துண்டை அதில் நனைத்து, வெள்ளைத் துணியோடு சேர்த்துத் தகடுகளுக்கு நடுவில் அழுத்தி, உடம்புச் சூட்டில் அடுப்புப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். பிறகு எடுத்து, வெள்ளைத் துணியில் சாயம் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்த அறையில் எப்போதும் ஆள் வாடை அடிக்கும். யாருமே இல்லாத அறையில் யாரோ வேலை செய்து களைத்துப்போய் உட்கார்ந்திருப்பது மாதிரி ஒரு வாடை.

அந்த வியர்வைக்குச் சொந்தக்காரர் ஒருவர் இருப்பதாகவே அக்கா பேசுவார். 'அந்தாளு' என்பார். இன்றைக்கு அந்தாளு கொஞ்சம் புளிப்பாக இருக்கிறார் என்பார். ஒருநாள் நான் உள்ளே போனபோது பெட்டியைத் திறந்து, அப்போதுதான் எடுத்த துணித்துண்டை என் உள்ளங்கையில் வைத்தார். ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ கழற்றிப் போட்ட ரவிக்கையைத் தொட்ட மாதிரி உடம்பு கூசிவிட்டது. கையை உதறினேன்.

"அந்தாளு எதுக்கும் பயந்ததில்ல," என்றார் அக்கா. "வெயில்ல நின்னதில்ல. புள்ள பெத்ததில்ல. அவரு ஒருத்தரு உடுத்திப் பாத்துட்டுப் பரவால்லன்னு சொல்றாரு. அத வச்சுதான் நாம எல்லாருக்கும் சரின்னு எழுதிக் குடுக்குறோம்."

அந்த வருஷம் என் அப்பா காய்ச்சலில் விழுந்தார். மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நாள்கணக்கில் காய்ச்சல் இறங்கவில்லை. அக்கா வேலை முடிந்ததும் தினமும் வந்துவிடுவார். என் அம்மாவுக்கு இட்லி வாங்கி வருவார், மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு ஓடுவார், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அப்பாவின் பாதங்களைத் தடவிக்கொண்டிருப்பார். ஒருநாள் டாக்டர் வெளியே வந்து என்னிடம் ஏதோ சொன்னபோது எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அக்கா என் தோளைப் பிடித்து உட்கார வைத்து, தன் கைக்குட்டையால் என் நெற்றியையும் கழுத்தையும் ஒற்றி ஒற்றித் துடைத்தார். கூடப்பிறந்தவள்கூட அப்படிச் செய்திருக்க மாட்டாள் என்று அம்மா பிற்பாடு சொன்னாள்.

மறுநாள் சாயங்காலம் காய்ச்சல் விட்டுவிட்டது. உடம்பு சில்லென்று ஆகி, அப்பா எழுந்து உட்கார்ந்து ரசம் சாதம் கேட்டார். அம்மா சாமிக்குக் காசு முடிந்து வைத்தாள். அண்ணன் எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னான். அக்கா மட்டும் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"காய்ச்சல் போயிடுச்சுக்கா," என்றேன்.

"போகலம்மா," என்றார் மெதுவாக. "உள்ள போயிருக்கு."

அம்மாவின் காதிலும் அது விழுந்தது. அப்பா மறுநாள் காலையில் போய்விட்டார். அக்காவைக் கரிநாக்குக்காரி என்று அம்மா சொல்ல ஆரம்பித்தது அன்றைக்குத்தான். துக்கத்துக்கு வந்தபோது அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்க விடவில்லை.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பினேன். வியர்வை அறையில் ஏதோ எடுக்கப் போனபோது அலமாரியில் ஒரு கண்ணாடிக் குப்பியைப் பார்த்தேன். உள்ளே அந்தக் கைக்குட்டை. வெளியே அவருடைய கையெழுத்தில் 'பயம்' என்று ஒட்டியிருந்தது. அவர் உள்ளே வந்தார். நான் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பதைப் பார்த்தார். கொஞ்சமும் பதறவில்லை. பயந்த வியர்வையில் சாயம் வேறு மாதிரி இறங்குமோ என்று ரொம்ப நாளாகச் சந்தேகம் இருந்ததாகவும், அது எங்கே கிடைக்கும் என்று தெரியாமல் இருந்ததாகவும் சொன்னார். அதில் பாதியைப் பிழிந்து எடுத்துச் சோதித்தும் பார்த்துவிட்டாராம்.

"வித்தியாசம் இல்லம்மா," என்றார். "துணிக்கு ஒண்ணும் தெரியல."

ஏமாந்துபோனவர் குரல் அது. கோபப்படத்தான் பார்த்தேன், ஆனால் அந்தக் குரலைக் கேட்டதும் எங்கிருந்து தொடங்குவதென்று தெரியவில்லை. குப்பியை என் கையில் கொடுத்து, என்ன செய்ய வேண்டுமோ செய்துகொள் என்றார். நான் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கைக்குட்டையைத் துவைத்துக் காயப்போட்டேன். அதன் பிறகும் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஆனால் எனக்கு வியர்த்தால் நானே முந்திக்கொண்டு துடைத்துக்கொள்வேன்.

டைரக்டரின் சிவப்பு வந்தது அதற்கு அடுத்த வருஷம்.

அவர் கெட்ட மனிதரில்லை. வாழ்க்கை முழுக்க ஒரு நல்ல சிவப்புக்காக உழைத்தவர். செம்பருத்தி இதழைப் பிழிந்து கெட்டியாக்கியது போல ஒரு சிவப்பு அது. வெயிலுக்கும் சோப்புக்கும் அசையவில்லை, அந்தாளின் வியர்வைக்கும் அசையவில்லை. என் மீன்முட்டைகளும் அந்தச் சிவப்புத் தண்ணீரில் ஒரு குறையும் இல்லாமல் பொரிந்தன. அதைவிடப் பெரிய அதிசயம் ஒன்று இருந்தது. ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் வயல்மண்ணைப் போட்டுச் சேறாக்கி வைத்த ஒரு குழியில் சாயம் அலசிய தண்ணீரை விட்டிருந்தார்கள். சில நாளில் சிவப்பு வெளிறி, இளஞ்சிவப்பாகி, கடைசியில் இல்லாமலே போய்விட்டது. அடியில் கிடந்த கூழாங்கல் தெரிந்தது. டைரக்டர் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். மண்ணே குடித்துவிட்டது பாருங்கள் என்றார். சாயப்பட்டறைக் கழிவைச் சுத்தம் செய்ய இனிமேல் தனியாக ஒன்றும் வேண்டாம், நேரே வயலுக்குப் பாய்ச்சலாம் என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. நாங்கள் கை தட்டினோம்.

அக்கா குழி ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். எங்கே போச்சு என்றுதான் கேட்கப் போகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். மாடி ஆட்களில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அக்கா யாரையும் எதுவும் கேட்கவில்லை. ஒரு பாட்டிலில் அந்தத் தெளிந்த தண்ணீரை மொண்டு வந்து, என் மேசையில் வைத்தார்.

"சிவப்புல விட்டுப் பாத்த. இதுல விட்டுப் பாத்தியா?"

யாரும் விட்டுப் பார்த்திருக்கவில்லை. நிறமே இல்லாத தண்ணீரில் சாயத்தைச் சோதிப்பதற்கு என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன். அவர் மனம் கோணக் கூடாதே என்று முட்டைகளை விட்டேன். முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஒரு காலையில் நுண்ணோக்கியில் குனிந்தவள் நிமிரவே இல்லை. எல்லாக் குஞ்சுகளும் கொக்கி மாதிரி வளைந்திருந்தன. இதயம் இருக்க வேண்டிய இடத்தில் நீர் கோத்து உப்பியிருந்தது. அதற்குள் அது துடித்துக்கொண்டிருந்தது, நின்று நின்று. பக்கத்துத் தட்டில், ரத்தம் போன்ற சிவப்புத் தண்ணீரில், அதே நாள் முட்டைகளிலிருந்து வந்த குஞ்சுகள் நேராக, துறுதுறுவென்று ஓடிக்கொண்டிருந்தன.

சிவப்பு உடைந்து வேறு ஏதோவாக ஆகியிருக்கிறது, அதற்கு நிறம் இல்லை, அவ்வளவுதான் என்று அக்கா டைரக்டரிடம் சொன்னார். டைரக்டர் தட்டை வாங்கிப் பார்த்தார். திரும்பச் செய்யச் சொன்னார். செய்தேன், அதேதான் வந்தது. குழித்தண்ணீரில் சாயம் அடர்த்தி, வயலில் அவ்வளவு இருக்காது என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அதோடு, ஆய்வுக்கூடத்துக்குப் பணம் போடுகிற கம்பெனி ஆட்கள் வயல் சோதனையைப் பார்க்க வரும் நாளும் குறித்தாகிவிட்டது. பின்பக்க வயல் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து, உழுது, சாயத்தண்ணீர் பாய்ச்சி, அதுவும் தெளிந்து தயாராக இருந்தது. அவர்கள் கண்முன்னால் குறுவை நடவு நட வேண்டும், அதுதான் ஏற்பாடு.

அன்று காலை நான் வரப்பில் போய் நின்றபோது முதலில் உறைத்தது அமைதிதான். சுற்றியிருந்த வயல்களில் எல்லாம் உழுத சேற்றில் கொக்குகள் இறங்கி மேய்ந்துகொண்டிருந்தன. எங்கள் வயலில் ஒன்றுகூட இல்லை. தவளைச் சத்தம் இல்லை. தண்ணீர்மேல் ஓடும் பூச்சி இல்லை. வானம் அப்படியே உள்ளே தெரிந்தது. அவ்வளவு சுத்தமான வயல்தண்ணீரை நான் பார்த்ததே இல்லை.

நடவுப் பெண்கள் நாற்றுமுடிகளோடு கரையில் காத்திருந்தார்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி இருந்த பாக்கியம் என்ற பெண் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காலை வைக்கப் போனார். அதற்குள் அக்கா எல்லோரையும் தாண்டி உள்ளே இறங்கிவிட்டார். செருப்பைக் கழற்றவில்லை, சேலையைத் தூக்கவில்லை. வயலின் நடுவில் போய் நின்றுகொண்டு, யாரும் இறங்க வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

டைரக்டர் கம்பெனி ஆட்களை அழைத்துக்கொண்டு வந்தார். நிலைமையைப் பார்த்ததும் முகம் இருண்டுவிட்டது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை. மேலே வாங்கம்மா, உட்கார்ந்து பேசலாம் என்றார்.

"நா நிக்கிறேன் சார்," என்றார் அக்கா. "அவங்களுக்குப் பதிலா என்னப் பாருங்க. ஒண்ணும் ஆவலன்னா நாளைக்கு எறங்கட்டும்."

அவரை இழுத்து வர யாருக்கும் துணிவு வரவில்லை. இழுக்கப் போனால் அந்தத் தண்ணீரில் இறங்க வேண்டும். அப்போதுதான் நான் கவனித்தேன், மாடியில் வேலை செய்யும் ஒருவர்கூட வரப்பின் ஓரத்துக்கு வரவில்லை. அக்கா, நடவுக்காக முன்பே வயலில் வீசிப் போட்டிருந்த ஒரு நாற்றுமுடியைப் பிரித்து, தெரிந்தும் தெரியாமலும் நட ஆரம்பித்தார். பாக்கியம் கரையில் உட்கார்ந்து, அப்படி இல்லை, இன்னும் நெருக்கி என்று ஒருமுறை சொன்னார். வெயில் ஏறியது. கம்பெனி ஆட்கள் குடைக்குக் கீழே நின்றார்கள். எவ்வளவு நேரம் அப்படி ஓடியது என்று எனக்கு நினைவில்லை. கடைசியில் அவருக்குத் தலை சுற்றியிருக்க வேண்டும். தள்ளாடி நடந்து வந்து வரப்பில் ஏறி, கால்களை நீட்டி உட்கார்ந்தார். முழங்கால்வரை சேலை நனைந்து ஒட்டியிருந்தது. சேற்றைத் தவிர வேறு ஒரு கறையும் இல்லை. பார்த்தீர்களா என்பது போல டைரக்டர் கம்பெனி ஆட்கள் பக்கம் திரும்பினார். பாக்கியம் ஒரு குடம் போர்வெல் தண்ணீர் கொண்டுவந்து அக்காவின் காலில் ஊற்றிச் சேற்றைக் கழுவினார். கால்கள் வெளுப்பாகத்தான் இருந்தன.

சேலை காயத் தொடங்கியது. முதலில் விளிம்பில் ஒரு மங்கலான கோடு. நிழலோ என்று நினைத்தேன். அது மேலே ஏறியது. காய்ந்த இடமெல்லாம் கருஞ்சிவப்பாக, நாவல்பழச் சாறு போல ஒரு நிறம் ஊறி வந்தது. யாரும் எதையும் ஊற்றவில்லை. வெயிலும் காற்றும்தான் பட்டன. எங்கள் கண்முன்னால் அந்தப் பழுப்பு, நூல் நூலாக நிறம் மாறிக்கொண்டு முழங்காலை எட்டியது. பிறகு கால் நகங்கள். பிறகு விரல் இடுக்குகள், குதிகால் வெடிப்புகள், நாற்றைப் பிடித்த கைகளின் ரேகைகள். அக்கா உள்ளங்கையை விரித்து, முகத்துக்கு நேராக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டைரக்டர் நடந்து வந்து அக்காவின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சேலையின் விளிம்பைத் தொட்டார். தன் விரலைப் பார்த்தார்.

பாக்கியம்தான் பேசினார். காலிக் குடத்தை இடுப்பில் வைத்தபடி டைரக்டரைப் பார்த்து, "நாங்க எறங்கியிருந்தா?" என்று கேட்டார்.

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. பெண்களைக் கூட்டிக்கொண்டு வரப்போடு போய்விட்டார்.

அந்தச் சிவப்பை டைரக்டரே நிறுத்தினார். அதைச் சொல்லாமல் விட்டால் அவருக்குச் செய்கிற அநியாயம். தன் கையாலேயே மூலப்பொருள்களைப் பூட்டி வைத்தார், வயலில் இருந்த தண்ணீரை வெளியே போகவிடாமல் வரப்பை உயர்த்திக் கட்டி, தொட்டி லாரியில் ஏற்றிச் சுத்திகரிக்க அனுப்பினார். கம்பெனி விலகிக்கொண்டது. பாதிப் பேருக்கு வேலை போனது. மீன் அறையை மூடினார்கள். நான் டவுனில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் சேர்ந்தேன். அக்காவை யாரும் போகச் சொல்லவில்லை. அவராகவே பட்டுக்கோட்டைக்குப் போய்விட்டார். இப்படியெல்லாம் நடக்கும் என்று முன்பே தெரியுமா என்று கிளம்பும் நாளில் அவரிடம் கேட்டேன். தெரியாது என்றார். தெரிந்திருந்தால் இறங்கியிருக்க மாட்டேன் என்றும் சொன்னார். அவர் நகங்கள் அப்போதும் கருஞ்சிவப்பாகத்தான் இருந்தன.

போன வருஷம் அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனவள் அவரைப் பார்க்கப் போனேன். தென்னந்தோப்புக்கு நடுவில் தம்பி வீடு. கொஞ்சம் இளைத்திருந்தார். முகம் நன்றாகத்தான் இருந்தது. தம்பி மகளின் படிப்பு, தேங்காய் விலை, கிணற்றில் உப்பு ஏறுவது என்று எதையெதையோ பேசினார். முன்பெல்லாம் அவ்வளவு பேச மாட்டார். நான் அவருடைய காலைப் பார்த்தேன். நகங்கள் சுத்தமாக இருந்தன. குதிகாலில், விரல் இடுக்கில், எங்கேயும் ஒரு சுவடுகூட இல்லை.

நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். கால்களை மெதுவாக இழுத்துச் சேலைக்குள் மறைத்துக்கொண்டார்.

ரத்தம், சிறுநீர் எல்லாம் ஒருமுறை பரிசோதித்துப் பார்க்கலாமே, நானே கூட வருகிறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதுபோன்ற பொருள்கள் உடம்புக்குள் போனால் என்ன செய்யும், எத்தனை வருஷம் கழித்துச் செய்யும் என்பதெல்லாம் எங்கள் இருவருக்கும் தெரியும்.

"கேக்காதம்மா," என்றார்.

அவர் குரலில் கெஞ்சல் இருந்தது. அதுவரை அவர் யாரிடமும் கெஞ்சி நான் கேட்டதில்லை. தம்பி மனைவி காபி கொண்டுவந்தாள். குடித்தோம். தோப்பில் மட்டை ஒன்று விழுந்தது. நான் விடைபெற்றபோது அவர் கேட்வரை வந்தார். பஸ் நிறுத்தத்துக்கு வயல் வழியாகப் போனால் சீக்கிரம் போய்விடலாம் என்று தம்பி மனைவி சொல்ல, அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வரப்புல போவாத. ரோட்டு வழியாவே போ," என்றார்.

அவர் கை வியர்த்திருந்தது. நான் சுற்று வழியாகவே போனேன். சாலையின் இரண்டு பக்கமும் நடவுக்காகத் தண்ணீர் கட்டியிருந்தார்கள். அது தெளிந்து, வானத்தைக் காட்டிக்கொண்டு, எங்கே பார்த்தாலும் அசையாமல் கிடந்தது.